சமுதாயக் கல்லூரியில் கல்வித் தலைமை: பணிப்பாதையும் இடைவெளிகளும் (மங்கலம்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

உள்ளூர் மக்களின் தொழில்தேவையைப் பாடத்திட்டமாக்கி, குறைந்த கட்டணத்தில் குறுகிய காலத்தில் கற்பிக்கும் அமைப்பே சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலாக வேரூன்றியுள்ள இவ்வமைப்பு, தமிழகச் சூழலில் 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கியது. இக்கல்லூரிகளின் நிதி, பாடத்திட்டம், வேலைவாய்ப்பு ஆகியவை பற்றிப் பேசப்படும் அளவிற்கு, அவற்றை வழிநடத்துவோர் எவ்வாறு உருவாகின்றனர் என்பது பேசப்படவில்லை. சமுதாயக் கல்லூரியின் கல்வித் தலைவருக்குரிய பணிப்பாதையை இக்கட்டுரை அமெரிக்க, இந்திய நிலைகளில் ஒப்பிட்டு விளக்குகிறது. இந்தியாவில் இத்தலைமை ஒரு பதவியாக அமையாமல் கூடுதல் பொறுப்பாகவே அமைந்திருப்பதும், பதவி உயர்வு விதிகள் இப்பணியைப் போதிய அளவு மதிப்பிடாமையும் இக்கல்லூரிகள் நிலைபெறாமைக்கு முதன்மைக் காரணங்களுள் அடங்கும் என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: சமுதாயக் கல்லூரி, கல்வித் தலைமை, பணிப்பாதை, பல்கலைக்கழக மானியக்குழு, தொழிற்கல்வி, மங்கலம்பேட்டை.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையிலுள்ள பேரூர் மங்கலம்பேட்டை. உழவையும் சிறுவணிகத்தையும் சார்ந்து வாழும் சிற்றூர்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. மேல்நிலைக் கல்வி முடித்த மாணவர் கலை, அறிவியல் பட்டம் பெற விரும்பினால் விருத்தாசலத்திலுள்ள திருக்கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும், சற்றுத் தொலைவில் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியும், சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. பட்டப்படிப்பிற்குரிய வாயில்கள் இவ்வாறு திறந்திருக்கின்றன. ஆனால் மூன்றாண்டுகள் படிக்கும் வசதி இல்லாதவர், இடையில் படிப்பை நிறுத்தியவர், வேலை செய்துகொண்டே ஒரு தொழிலைக் கற்க விழைபவர் ஆகியோருக்கு இவ்வாயில்கள் பெரிதும் பயன்படுவதில்லை. சமுதாயக் கல்லூரி என்னும் கருத்தாக்கம் இத்தகையோரை மனத்திற்கொண்டே உருவாயிற்று.

அத்தகைய கல்லூரி ஒன்று இவ்வட்டாரத்தில் அமையுமாயின் அதனை யார் நடத்துவார், அவர் எந்தப் பணிப்பாதை வழியாக அப்பொறுப்பிற்கு வந்திருப்பார், அப்பொறுப்பிலிருந்து எங்குச் செல்வார் என்பன இக்கட்டுரையின் வினாக்கள். கட்டடமும் கருவியும் நிதியால் வரக்கூடியவை. வட்டாரத்தை அறிந்த தலைமையோ பல ஆண்டுப் பயிற்சியால் மட்டுமே உருவாகும். எனவே பணிப்பாதை பற்றிய ஆய்வு, நிறுவனத்தின் ஆயுளைப் பற்றிய ஆய்வாகவும் அமைகிறது.

அமெரிக்க மரபில் தலைமைப் பாதை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு ஜோலியட் இளநிலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றுவரை இயங்கிவரும் பொதுத்துறைச் சமுதாயக் கல்லூரிகளுள் இதுவே பழமையானது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் நகர உயர்நிலைப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் இதற்கு வித்திட்டனர். முதல் வகுப்பில் 6 மாணவர்களே பயின்றனர். இத்தொடக்கத்திலேயே ஓர் உண்மை புலப்படுகிறது. பல்கலைக்கழகத்தை அறிந்தவர் ஒருவரும் ஊரை அறிந்தவர் ஒருவரும் இணைந்தபோதே இக்கல்லூரி பிறந்தது. பிற்காலத் தலைவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட இருவகை அறிவும் இவ்விருவரிடம் பகிர்ந்து காணப்பட்டன எனலாம்.

1947ஆம் ஆண்டு வெளிவந்த குடியரசுத் தலைவர் ட்ரூமனின் உயர்கல்வி ஆணைய அறிக்கை ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரைப் பரவலாக்கியது. தொடர்ந்து கல்லூரிகளின் எண்ணிக்கை பெருகியபோது அவற்றை நடத்தத் தகுதியானோர் தேவைப்பட்டனர். 1960களில் கெல்லாக் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பல பல்கலைக்கழகங்கள் இளநிலைக் கல்லூரித் தலைமைக்கெனத் தனிப் பயிற்சித் திட்டங்களை நடத்தின. 2005ஆம் ஆண்டு அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் சங்கம், தலைவர்களுக்குரிய 6 திறன்களை வரையறுத்தது. நிறுவன உத்தி, வளமேலாண்மை, தகவல் தொடர்பு, கூட்டுறவு, சமுதாயக் கல்லூரிக்காகப் பரிந்துரைக்கும் ஆற்றல், தொழில்நேர்மை ஆகியன அவை. இவற்றுள் ஆய்வு வெளியீடு தனித் திறனாக இடம்பெறாமை கவனிக்கத்தக்கது.

அந்நாட்டில் பொதுவாகக் காணப்படும் ஏணிப்படி பின்வருமாறு அமைகிறது: ஆசிரியர், துறைத்தலைவர், புலமுதல்வர், கல்விப் பணிகளுக்கான துணைத்தலைவர், கல்லூரித் தலைவர். இவற்றுள் கல்விப் பணிகளுக்கான துணைத்தலைவர் பதவியே தலைவர் பதவிக்கு இட்டுச்செல்லும் முதன்மைப் படியாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் பொறுப்பின் தன்மை மாறுகிறது. ஆசிரியர் தம் பாடத்தை அறிந்தால் போதும். துறைத்தலைவர் பிறருடைய பணியை ஒழுங்குபடுத்த வேண்டும். புலமுதல்வர் பாடத்திட்டத்தையும் வரவு செலவையும் இணைத்துப் பார்க்க வேண்டும். துணைத்தலைவர் வெளியுலகோடும் ஆட்சிக்குழுவோடும் பேசக் கற்க வேண்டும்.

இப்பாதைக்குச் சான்றாக எடுவார்டோ பத்ரோனைக் குறிப்பிடலாம். கியூபாவிலிருந்து 1961ஆம் ஆண்டு தம் 15ஆம் வயதில் அகதியாக வந்த அவர், மயாமி-டேடு இளநிலைக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். புளோரிடா பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றபின் அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பினார். படிப்படியாக உயர்ந்து 1995 முதல் 2019 வரை அதன் தலைவராக விளங்கினார். மாணவராக நுழைந்தவர் தலைவராக ஓய்வு பெற்றார் என்பதைவிட, இடைப்பட்ட பதவிகள் அனைத்தும் அதே வகைக் கல்லூரிக்குள்ளேயே கிடைத்தன என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழகத்தின் முன்னோடி மரபு

சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் வருவதற்கு முன்பே அதன் நோக்கம் தமிழகத்தில் வேறு பெயர்களில் இயங்கியது. 1948–49ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய இராதாகிருஷ்ணன் ஆணையம் ஊரகப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. 1956ஆம் ஆண்டு காந்திகிராமத்தில் ஊரக நிறுவனம் தொடங்கப்பட்டு, 1976ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1947ஆம் ஆண்டு காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் டி. எஸ். சௌந்தரம் மருத்துவம் பயின்றவர். பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினராகவும், மக்களவை உறுப்பினராகவும், நடுவண் அரசின் கல்வித் துணையமைச்சராகவும் பணியாற்றினார். அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்று காந்தியப் பணியில் ஈடுபட்டவர். இவ்விருவரும் விரிவுரையாளர், பேராசிரியர், முதல்வர் என்னும் படிகளில் ஏறி வந்தவரல்லர். தொண்டே இவர்களது தகுதியாக இருந்தது.

மால்கம் ஆதிசேசையாவின் (1910–1994) பாதை வேறு வகையானது. வேலூரில் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்து யுனெஸ்கோவிற்குச் சென்றார். 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக விளங்கினார். தாயகம் திரும்பி 1971ஆம் ஆண்டு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். மேல்நிலைக் கல்வியைத் தொழிற்கல்வியோடு இணைப்பது குறித்து அவர் தலைமையிலான குழு 1978ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, செய்து கற்றலை வலியுறுத்தியது. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வியும் அதன் தொழிற்கல்விப் பிரிவும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தன. பல்கலைக்கழகத்தின் உச்சியிலிருந்தவர் கைத்தொழிற் கல்வியைத் தம் பொறுப்பாகக் கருதியமைக்கு இது சான்றாகும்.

மேற்கண்ட இருவகைத் தலைமையும் தனிமனித ஆளுமையால் நிலைத்தவை. காந்திகிராமம் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. ஆயினும் அதனை உருவாக்கியவர்களின் பாதை பிறர் பின்பற்றக்கூடிய பணிப்பாதையாக மாறவில்லை. தொண்டுள்ளம் கொண்ட ஒருவர் ஓர் ஊருக்கு வாய்ப்பது நற்பேறு. ஒவ்வோர் ஊருக்கும் அது வாய்க்கும் எனக் கருதித் திட்டம் வகுத்தல் இயலாது.

சமுதாயக் கல்லூரிகளின் தோற்றமும் தலைமையின் தன்மையும்

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னைச் சமுதாயக் கல்லூரியை நிறுவியது. 1999ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய சமுதாயக் கல்விக்கான இந்திய ஆய்வு வளர்ச்சி மையம், இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸின் வழிகாட்டுதலில் இக்கருத்தைப் பல மாநிலங்களுக்கும் கொண்டுசென்றது. இக்கட்டத்தில் தலைமை பெரும்பாலும் சமய, தொண்டு நிறுவனங்களிடமிருந்து வந்தது. அந்நிறுவனங்களில் பொறுப்பு மாற்றம் சபையின் ஏற்பாட்டிற்கு உட்பட்டது. ஆதலால் பதவி உயர்வு என்னும் கேள்வி கூர்மையாக எழவில்லை.

2002ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளுக்கு ஏற்பளித்துச் சான்றிதழ்களை வழங்கியது. 2009ஆம் ஆண்டு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடளாவிய சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கிச் சில ஆண்டுகளில் நிறுத்தியது. 2013ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழு, பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின்கீழ் (2012–2017), இயங்கிவரும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை அமைக்க நிதி வழங்கியது. அடுத்த ஆண்டில் பி.வோக். எனப்படும் தொழிற்கல்வி இளநிலைப் பட்டத் திட்டம் அறிமுகமாயிற்று. அதில் திறன்சார் கூறு 60 விழுக்காடு, பொதுக்கல்விக் கூறு 40 விழுக்காடு எனப் பாடத்திட்டம் பகுக்கப்பட்டது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, சமுதாயக் கல்லூரியை ஏற்று நடத்திய அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியிருப்பதை அறியமுடிகிறது. அமைப்பு மாறுந்தோறும் பாடத்திட்டமும் சான்றிதழும் புதியனவாயின. தலைமை அனுபவம் மட்டும் ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்பிற்குக் கைமாறும் வழி அமைக்கப்படவில்லை. ஒரு திட்டத்தில் ஐந்தாண்டுகள் உழைத்த ஒருங்கிணைப்பாளரின் அனுபவம் அடுத்த திட்டத்தில் தகுதியாகக் கணக்கிடப்படுவதற்கு விதி இல்லை.

மானியக்குழுவின் திட்டத்தில் தாய்க் கல்லூரியின் முதல்வரே சமுதாயக் கல்லூரிக்கும் தலைவர். அன்றாடப் பணியை அக்கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருந்து கவனிப்பார். கற்பிப்போருள் பெரும்பகுதியினர் ஒப்பந்த முறையிலோ வருகைதரு முறையிலோ அமர்த்தப்படுவர். எனவே கற்பிப்பவருக்கு நிலைத்த பணி இல்லை. ஒருங்கிணைப்பவருக்கு நிலைத்த பதவி இல்லை. தலைவருக்கு இது முதன்மைப் பணி இல்லை. ஏணியின் எந்தப் படியிலும் முழுநேரமாக நிற்பவர் இல்லாத அமைப்பாக இது காணப்படுகிறது.

பதவி உயர்வு விதிகளும் மதிப்பீடும்

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, முனைவர் பட்டத்துடன் நுழையும் உதவிப் பேராசிரியர் 4, 5, 3 ஆண்டுகள் என்னும் மூன்று கட்டங்களைக் கடந்து இணைப் பேராசிரியர் நிலையை அடையலாம். கல்லூரி முதல்வராவதற்கு முனைவர் பட்டம், 15 ஆண்டுகள் கற்பித்தல் அல்லது ஆய்வு அல்லது நிருவாக அனுபவம், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகள், 110 ஆய்வு மதிப்பெண்கள் ஆகியன வேண்டும். முதல்வரின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். பணி மதிப்பீட்டின் அடிப்படையில் மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

இவ்விதிகளில் சமுதாயக் கல்லூரிப் பணி பெறும் இடத்தை நோக்குதல் வேண்டும். மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் மதிப்பாய்வு இதழில் வெளிவரும் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன. புதிய பாடத்திட்டம் அல்லது படிப்பு ஒன்றை வடிவமைப்பதற்கு 2 மதிப்பெண்களே வழங்கப்படுகின்றன. தனி ஆசிரியராக 11 கட்டுரைகள் எழுதுவோர் 110 மதிப்பெண்களை எட்டுவர். பாடத்திட்ட வடிவமைப்பால் மட்டுமே அதனை எட்ட விரும்புவோர் 55 படிப்புகளை உருவாக்க வேண்டும். ஒரு பணிக்காலத்தில் இது நிகழக்கூடியதன்று.

ஆண்டு மதிப்பீட்டிலும் இந்நிலையே காணப்படுகிறது. துறைத்தலைவர், இயக்குநர், ஒருங்கிணைப்பாளர், விடுதிக் காப்பாளர் முதலிய நிருவாகப் பொறுப்புகள் யாவும் ஒரே செயல்வகையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. தொழிற்கூடங்களுக்குச் சென்று ஒப்பந்தம் செய்தல், வட்டாரத் தேவையைக் கணக்கெடுத்தல், பயிற்சி முடித்தவருக்கு வேலை தேடித் தருதல், இடைநின்றவரை வீடு தேடிச் சென்று அழைத்தல் ஆகிய பணிகளுக்குத் தனி மதிப்பெண் இல்லை. சமுதாயக் கல்லூரியின் உயிர்நாடி இப்பணிகளே.

இதன் விளைவு எளிதில் உய்த்துணரத்தக்கது. முதல்வர் பதவியை நாடும் இளம் ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைத் தம் பாதையிலிருந்து விலகல் எனக் கருதுவார். ஏற்றாலும் விரைவில் விடுபட விழைவார். அரசு கல்லூரிகளில் முதல்வர் பதவி பணிமூப்பின்வழி வருவதால் பலருக்கும் பணிக்காலத்தின் இறுதி ஆண்டுகளிலேயே அது வாய்க்கிறது. பதவி உயர்வோடு இடமாறுதலும் சேர்ந்தே வருகிறது. வட்டாரத்தை அறிந்தவர் வேறு மாவட்டத்திற்குச் செல்ல, புதிதாக வருபவர் வட்டாரத்தை அறிந்துகொள்வதற்குள் ஓய்வுபெறுகிறார். இதில் தனிமனிதர் எவரையும் குறைகூற இடமில்லை. விதி எதற்கு மதிப்பளிக்கிறதோ அதனையே பணியாளர் நாடுவர்.

மங்கலம்பேட்டை வட்டாரம் கோரும் தலைமை

மேற்கண்ட இடைவெளியின் பொருளை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வைத்துக் காணும்போது அது தெளிவாகும். மங்கலம்பேட்டையைச் சூழ்ந்த பகுதியின் தொழில்வளம் பலவகைப்பட்டது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் உள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கேயே அமைந்து நிலக்கடலை, முந்திரி முதலிய பயிர்களில் ஆய்வு நடத்திவருகிறது. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைப்பும் பலா வணிகமும் பெருந்தொழில்கள். நெய்வேலியில் 1956ஆம் ஆண்டு முதல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இயங்கிவருகிறது. கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது.

இத்துறைகளுக்கேற்ற குறுகிய காலப் படிப்புகளை வகுப்பது அறையில் அமர்ந்து செய்யக்கூடிய பணியன்று. முந்திரி உடைக்கும் கூடங்களில் பெரும்பாலும் பெண்கள் பணிபுரிகின்றனர். அவர்களுக்கான வகுப்பு எந்நேரத்தில் நடைபெற வேண்டும் என்பதே முதல் வினா. அறுவடைக் காலத்தில் வகுப்பு வைத்தால் உழவர் வீட்டு மாணவர் வரமாட்டார். பீங்கான் தொழிலில் சூளையை இயக்கும் அனுபவமுள்ளவர் பட்டம் பெறாதவராக இருப்பார். அவரைப் பயிற்றுநராக அமர்த்தத் தகுதி விதியை எவ்வாறு தளர்த்துவது என்பதும் தலைவர் தீர்க்க வேண்டிய சிக்கல். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவின் மொழியையும் தொழிற்கூட உரிமையாளரின் மொழியையும் ஒருங்கே பேசத் தெரிந்தவரே இதற்குத் தகுதியானவர்.

2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்வழி கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக்கு உட்பட்டன. இதனால் வேலூரை நோக்கிய நிலை மாறி, ஏற்பளிக்கும் பல்கலைக்கழகமும் தொழில்வளமும் ஒரே மாவட்டத்திற்குள் அமையும் வாய்ப்பு உருவாகியுள்ளது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளுக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுவந்துள்ளது. ஆனால் அது கல்லூரிக்குள் வந்துவிட்ட மாணவருக்கே பெரிதும் பயன்படுகிறது. கல்லூரியின் வாயிலுக்கு வெளியே நிற்பவரை உள்ளே அழைக்கும் பணி சமுதாயக் கல்லூரிக்குரியதாகவே எஞ்சி நிற்கிறது.

பணிப்பாதை அமைய வேண்டிய வகை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து நான்கு கூறுகள் பெறப்படுகின்றன.

1. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு குறிப்பிட்ட காலவரையறையுள்ள முழுநேரப் பதவியாக வேண்டும். துணை முதல்வருக்கு விதிகள் 2 ஆண்டுக் காலத்தை வகுத்திருப்பதுபோல் இதற்கும் காலம் வகுக்கலாம். ஒரு படிப்பைத் தொடங்கி, நடத்தி, அதன் பயனை அறிய 3 ஆண்டுகளேனும் தேவைப்படும்.

2. இப்பதவியில் பெற்ற அனுபவம் முதல்வர் தேர்வில் நிருவாக அனுபவமாக வெளிப்படையாக ஏற்கப்பட வேண்டும். விதியிலுள்ள ‘நிருவாக அனுபவம்’ என்னும் சொல் இதற்கு இடமளிக்கிறது. அதனை விளக்கும் ஆணை ஒன்று போதுமானது.

3. பாடத்திட்ட வடிவமைப்பு, வட்டாரத் தேவை ஆய்வு, தொழில்நிறுவன இணைவு ஆகியவற்றின் மதிப்பெண் உயர்த்தப்பட வேண்டும். வட்டாரத் தேவை ஆய்வை முறையான ஆய்வறிக்கையாக எழுதி மதிப்பாய்வுக்கு உட்படுத்தினால் அது ஆய்வு வெளியீடாகவும் அமையும். ஆய்வுக்கும் சமுதாயப் பணிக்கும் இடையிலுள்ள முரண் இவ்வாறு குறையும்.

4. இத்தலைமைக்கெனத் தனிப் பயிற்சி வேண்டும். இப்போதுள்ள புத்தொளிப் பயிற்சிகள் பாட அறிவைப் புதுப்பிப்பவை. வரவு செலவு, ஒப்பந்தம் எழுதுதல், வயதுவந்தோர் கற்றல் ஆகியன தனியே கற்பிக்கப்பட வேண்டும்.

இவற்றிற்கு எதிராக ஒரு கருத்து முன்வைக்கப்படலாம். ஏணியும் பதவியும் வந்தபின் தொண்டுணர்வு மங்கி, இதுவும் மற்றுமொரு நிருவாகப் பதவியாகிவிடும் என்பது அது. காந்திகிராம மரபை அறிந்தோர்க்கு இவ்வையம் எழுதல் இயல்பே. ஆயினும் பணிப்பாதை தொண்டுணர்வை உருவாக்குவதற்கன்று. அவ்வுணர்வுடன் வருபவர் தம் எதிர்காலத்தை இழக்காமல் பணியாற்றுவதற்கே அது தேவைப்படுகிறது. தியாகத்தைத் தகுதியாக வைக்கும் நிறுவனம், தியாகம் செய்ய இயலாத எளிய குடும்பத்து ஆசிரியரைத் தலைமையிலிருந்து விலக்கிவிடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்த ஆசிரியரே இம்மாணவரை நன்கறிந்தவர் என்பதை நோக்க, இவ்விலக்கம் இருமடங்கு இழப்பாகும்.

முடிவுரை

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி, தலைவரைத் தன்னுள்ளிருந்தே உருவாக்கும் படிகளைப் பெற்றுள்ளது. தமிழகத்தில் இத்தலைமை முதலில் தொண்டாகவும், பின்னர்ச் சபைப் பணியாகவும், 2013ஆம் ஆண்டிற்குப்பின் கூடுதல் பொறுப்பாகவும் அமைந்தது. இம்மூன்று நிலைகளிலும் அது பணிப்பாதையாக வளரவில்லை. கட்டுரைக்கு 10, பாடத்திட்டத்திற்கு 2 என்னும் மதிப்பெண் வேறுபாடு, கல்வித்துறை எதனைத் தன் முதன்மைப் பணியாகக் கருதுகிறது என்பதை வெளிப்படையாகக் காட்டுகிறது. இம்மதிப்பீடு மாறாதவரை புதிய திட்டங்கள் வந்தாலும் அவை நிதி தீரும் நாளில் முடிவுறும். மங்கலம்பேட்டை போன்ற பேரூரில், மேல்நிலைக் கல்வியோடு நின்ற இளைஞர் ஒருவர் இருபத்தைந்தாம் வயதில் மீண்டும் கற்க முன்வரும்போது, அவருக்கான வகுப்பு அவ்வாண்டிலும் நடைபெறுகிறதா என்பது, அவ்வகுப்பைத் தொடங்கியவர் அப்பணியிலேயே நிலைத்திருக்க முடிந்ததா என்பதைப் பொறுத்தே அமையும்.